கண்ணாடியைக் கழற்றும் முன்: லேசர் கண் சிகிச்சை பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கண்ணாடி போட்டிருக்கேன்னுதான் யோசிக்கிறாங்க" என்கிறார். அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. "இப்பத்தான் லேசர் வந்துடுச்சே, பத்து நிமிஷ வேலையாமே, பண்ணிடலாம்." தை மாதம் கல்யாணம் என்றால் மார்கழியில் ஆபரேஷன் என்று தேதியும் குறித்தாகிவிட்டது. இத்தனை பேச்சிலும் அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பையன்கள் வீட்டில் கதை கொஞ்சம் வேறு. வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டது, கண் பரிசோதனையில் தள்ளிவிடுவார்களே என்று பயந்து ஓடுகிறார்கள். இரண்டு இடத்திலும் அவசரம் ஒன்றுதான்.

லேசர் சிகிச்சை கூடாது என்று சொல்வதற்காக இந்தப் பிரசுரத்தை எழுதவில்லை. தகுந்த கண்ணில், தகுந்த வயதில் செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது நோயில்லாத கண்ணில் செய்யப்படும் ஆபரேஷன். கண்புரைக்கு ஆபரேஷன் செய்யாமல் விட்டால் பார்வை மங்கிக்கொண்டே போகும். இதைச் செய்யாமல் விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது; மூக்கின் மேல் கண்ணாடி இருக்கும், அவ்வளவுதான். ஆகவே இதில் அவசரப்படக் காரணமே கிடையாது.

எந்த லேசரைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் ஊர்களில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எல்லோரும் "லேசர் வச்சாங்க" என்கிறார்கள். தாத்தாவுக்குக் கண்புரை எடுத்ததையும் லேசர் என்பார்கள். அது பெரும்பாலும் நுண்ணொலி அலையால் புரையை உடைத்து எடுப்பது. சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக் கசிவு வந்தவர்களுக்கு வைக்கும் லேசர் வேறு. அதைப் பார்வையைக் காப்பாற்ற வைக்கிறார்கள். டாக்டர் சொன்னால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பிரசுரம் அவற்றைப் பற்றியதல்ல. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை ஆகியவற்றுக்காகக் கண்ணாடி போடுபவர்கள், அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதற்காகக் கருவிழியில் செய்துகொள்ளும் லேசரைப் பற்றி மட்டுமே இங்கே சொல்கிறோம்.

கண்ணில் என்ன செய்கிறார்கள்?

கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போல வளைந்து, தெளிவாக இருக்கும் படலம்தான் கருவிழி. அதன் கனம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதல். கண்ணுக்குள் வரும் ஒளியைப் பெரும்பகுதி வளைப்பது இதுவே. இந்த வளைவை மாற்றினால் பவரும் மாறும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு நடுப்பகுதியை இழைத்துக் கொஞ்சம் தட்டையாக்குகிறார்கள்.

இழைக்கும் கருவி எக்ஸைமர் லேசர். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி. சுற்றியுள்ள சதையைச் சுடாமல் மைக்ரான் கணக்கில் சீவி எடுக்கும். உயிருள்ள சதையில் இது இப்படி வேலை செய்யும் என்று 1981-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீநிவாசன். மற்ற இருவர் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்களாம்! 1995-ல் அமெரிக்க அரசு இந்த லேசரைக் கிட்டப்பார்வைக்குப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.

இன்று மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. லாசிக் முறையில் கருவிழியின் மேல் பகுதியைப் புத்தக அட்டை போல ஒரு மடலாக அறுத்துத் திறந்து, உள்ளே இழைத்து, மடலைத் திரும்ப மூடிவிடுகிறார்கள். தையல் இல்லை. மறுநாளே பார்வை தெளிந்துவிடும். பி.ஆர்.கே. முறையில் மடல் கிடையாது. மேல்தோலை மட்டும் வழித்துவிட்டு இழைப்பார்கள். அந்தத் தோல் திரும்ப வளரும்வரை மூன்று நான்கு நாள் நல்ல எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வையும் மெதுவாகத்தான் தெளியும். ஸ்மைல் முறையில் வேறொரு லேசரால் உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை அறுத்து, சின்ன கீறல் வழியாக உருவி எடுத்துவிடுகிறார்கள். எந்த முறை என்பதை உங்கள் கண்ணை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா செய்துகொண்டதையே நீங்களும் கேட்க வேண்டியதில்லை.

எடுத்தது திரும்ப வராது

தையல்காரர் துணியை வெட்டும் முன் இரண்டு தடவை அளப்பது ஏன்? வெட்டின துணி ஒட்டாது என்பதால்தானே! கருவிழியும் அப்படித்தான்.

ஒரு பவர் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை எடுக்க வேண்டியிருக்கும். லாசிக் மடலுக்குச் சுமார் 110 மைக்ரான் போகும். மடல் மூடினாலும் பழைய பலத்தைத் தராது, ஆகவே அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது வெகுநாளாக உள்ள கணக்கு. 300 மிஞ்சினால்தான் செய்வேன் என்கிற டாக்டர்களும் உண்டு. 540 மைக்ரான் கனமுள்ள ஒருவருக்கு மைனஸ் 4 பவர் என்று வைத்துக்கொள்வோம். பவருக்கு 14 வீதம் 56 போய், மடலுக்கு 110 போய், 374 மிஞ்சுகிறது. பரவாயில்லை. இன்னொருவருக்குக் கனம் 480, பவர் மைனஸ் 9. பவருக்கு 126, மடலுக்கு 110. மிஞ்சுவது 244. இவருக்கு லாசிக் கூடாது. "எவ்வளவு செலவானாலும் பரவால்ல டாக்டர்" என்று கெஞ்சினாலும் கூடாது.

"உங்களுக்குச் செய்ய முடியாது" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார். வேறு ஆஸ்பத்திரியில் "செய்யலாம்" என்று சொல்கிறவரைத் தேடி அலைவதுதான் ஆபத்து.

வழக்கமாக வரும் தொல்லைகள்

முதலாவது கண் உலர்வு. கருவிழியின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் சுரக்கும் தூண்டுதல் குறைந்துவிடுகிறது. மண் விழுந்தது போல் உறுத்தும், காலையில் கண் திறக்கவே காய்ச்சலாக இருக்கும், சாயங்காலம் எரியும். நரம்பு திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும். நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள், ஏ.சி. அறையில் வேலை செய்கிறவர்கள், சைக்கிள் மோட்டார் என்று தூசியில் போய்வருகிறவர்கள் இதை அதிகமாக உணர்வார்கள். ஏற்கெனவே கண் காய்கிறவர்களுக்கு லேசர் அதைக் கூட்டிவிடும். ஆகவே முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ராத்திரிப் பார்வை. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், அல்லது கதிர் கதிராகச் சிதறும். பகலில் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவார். ராத்திரி எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் பூதம் போல் விரியும். ராத்திரி லாரி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல, பிழைப்பே அதுதான். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. சிலருக்கு நிலைத்துவிடுகிறது.

"எத்தனை பேருக்கு இப்படி வரும்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அந்நாட்டுத் தேசியக் கண் ஆராய்ச்சி நிறுவனம், ராணுவத் துறை மூன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. லாசிக்குக்கு முன் எந்தப் பார்வைக் கோளாறும் உணராதவர்களில், மூன்று மாதம் கழித்து 100-க்கு 46 பேர் வரை புதிதாக ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். அதில் அதிகம் ஒளிவட்டமே. கண் உலர்வு இல்லாதிருந்தவர்களில் 100-க்கு 28 பேர் வரை புதிதாக உலர்வு சொன்னார்கள். அதே ஆய்வில் 100-க்கு 95 பேருக்கு மேல் தங்கள் பார்வை திருப்தி என்றும் சொன்னார்கள். அன்றாட வேலையே கஷ்டமாகிப் போனவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. இரண்டு கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் வீண் பயம் வரும், மற்றதை மட்டும் படித்தால் வீண் தைரியம் வரும்.

மூன்றாவது, பவர் முழுதும் போகாமல் மைனஸ் அரை, முக்கால் மிஞ்சுவது. அல்லது சில வருஷத்தில் கொஞ்சம் திரும்பி வருவது. கனம் மிச்சம் இருந்தால் இரண்டாம் தடவை இழைக்கலாம். இல்லாவிட்டால் சின்ன பவரில் கண்ணாடிதான்.

அபூர்வம், ஆனால் பெரிது

கூம்பு வடிவக் கருவிழி என்று ஒரு நோய் உண்டு. கருவிழி பலம் குறைந்து, மெலிந்து, முன்னால் பிதுங்கி வரும். வாலிபப் பருவத்தில்தான் ஆரம்பிக்கும். அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். ஆரம்பத்தில் வெறும் கிட்டப்பார்வை, சிதறல் பார்வை போலத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடி மாறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். இந்தக் கண்ணில் தெரியாமல் லேசர் வைத்துவிட்டால், ஏற்கெனவே பலமில்லாத சுவரில் செங்கல்லை உருவினது போலாகும். மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்துப் பிதுங்க ஆரம்பிக்கும். அப்புறம் கண்ணாடியும் உதவாது. வைட்டமின் சொட்டு விட்டுப் புறஊதா ஒளி காட்டி உறுதிப்படுத்தும் சிகிச்சை, விசேஷ கான்டாக்ட் லென்ஸ், முற்றிப்போனால் தானமாகக் கிடைக்கும் கருவிழியை வைத்துத் தைப்பது என்று போகும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கருவிழியின் மேடு பள்ளத்தைக் கலர் கலராக வரைபடம் எடுத்துக் காட்டும் பரிசோதனை இருக்கிறது. அந்தப் படம் எடுக்காமல் லேசருக்குத் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிருமி தாக்குவது அபூர்வம். தாக்கினால் பார்வையைப் பறிக்கும். மடலுக்கடியில் அழற்சி வரலாம், தோல் செல்கள் உள்ளே புகுந்து வளரலாம். லாசிக் மடல் வருஷக்கணக்கானாலும் முழுசாக ஒட்டிக்கொள்வதில்லை. பலமான அடி பட்டால் நகர்ந்துவிட்டதுண்டு. கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வெளியே தெரியாத வலி. மிகச் சிலருக்கு அறுபட்ட நரம்பு கோணலாக வளர்ந்து, கண் பார்க்கச் சுத்தமாக இருந்தும் எரிச்சலும் குத்தலும் மாதக்கணக்கில் நீடிக்கும். தூக்கம் கெடும், மனசு சோர்ந்துவிடும். "டாக்டரே ஒண்ணுமில்லைங்கறாரு, நீ சும்மா சொல்றே" என்று வீட்டார் அவர்களை ஏசக் கூடாது. அது நிஜமான வலி. கருவிழி சிறப்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தாய்மார்களுக்கு

"நர்சம்மா, கைப்பிள்ளைக்குப் பால் குடுக்குறேன். லீவு இருக்கே, இப்பவே லேசர் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இப்போது வேண்டாம் அம்மா. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் உடம்பின் சுரப்பு மாற்றங்களால் கருவிழியின் கனமும் வளைவும் பவரும் தற்காலிகமாக மாறும், கண் உலர்வும் கூடும். மாறிக்கொண்டிருக்கும் அளவை வைத்து வெட்டினால் அப்புறம் அளவு சேராது. பிள்ளை பால்குடி மறந்து சில மாதம் போய், பவர் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாள் தள்ளியிருந்தால் அதை மறைக்காமல் பரிசோதனை நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்யாணப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மை தீட்டுவதும் ஹோமப் புகையும் தூக்கமில்லாத ராத்திரிகளும் ஆறாத கண்ணுக்கு ஆகாது. உங்களுக்கே விருப்பமிருந்தால், குறைந்தது மூன்று மாத இடைவெளி இருக்கட்டும். விருப்பம் இல்லையென்றால் "எனக்கு வேணாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சம்மதத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அப்பாவும் அல்ல, வரப்போகிற மாமியாரும் அல்ல.

வேறு யார் காத்திருக்க வேண்டும், யார் கூடவே கூடாது?

18 வயது நிறையாதவர்களுக்குக் கூடாது. 21 வரை காத்திருக்கச் சொல்கிற டாக்டர்களும் உண்டு. கடந்த ஒரு வருஷத்தில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடம்பே உடம்பைத் தாக்கும் நோயுள்ளவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள், கண்ணில் அக்கி வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கண்ணைக் காயவைக்கும், அதையும் மறைக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுப்பதற்கு முன் மெதுவான லென்ஸானால் இரண்டு வாரமாவது, கடினமானதானால் மூன்று நான்கு வாரமாவது கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி உருவத்தை மாற்றியிருக்கும்.

வேலைக்காகச் செய்துகொள்ள நினைக்கும் தம்பிகளே, முதலில் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள். ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கான 2024-ஆம் ஆண்டு அறிவிப்பில், லாசிக் அல்லது பவரைத் திருத்தும் வேறு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தகுதியில்லை என்றே போட்டிருந்தது. கண்ணாடியை மறைக்கப் போய் வேலைக்கான கதவையே மூடிக்கொண்டவன் ஆகிவிடாதீர்கள். ராணுவம், போலீஸ் வேலைகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி.

பரிசோதனை நாள்

ஆபரேஷன் பத்து நிமிஷம்தான். லேசர் ஓடுவது ஒரு நிமிஷம்கூட இல்லை. பரிசோதனைக்குத்தான் அரை நாள் ஆகும், ஆக வேண்டும். பவர், கருவிழிக் கனம், வரைபடம், கண்ணீரின் அளவு, கண்ணழுத்தம், பாப்பா விரியச் சொட்டு விட்டு விழித்திரை, எல்லாம் பார்க்க வேண்டும். அன்று கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சொட்டு விட்டால் வண்டி ஓட்ட முடியாது. "என் கருவிழி எவ்வளவு கனம்? எடுத்தது போக எவ்வளவு மிஞ்சும்? எனக்கு எந்த முறை, ஏன்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். "இன்னைக்கே பணம் கட்டினா பாதி விலை" என்கிற இடத்தில் பதில் சொல்லாமல் வந்துவிடலாம். சேலைக்கு ஆடித் தள்ளுபடி உண்டு, கருவிழிக்குக் கிடையாது.

செய்துகொண்ட பின்

முதல் சாயங்காலம் நீர் வடிவதும் எரிவதும் வெளிச்சம் கூசுவதும் சகஜம். கண்ணைக் கசக்கக் கூடாது. ராத்திரி தூக்கத்தில் கை படாமலிருக்கக் கொடுத்த மூடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். தலைக்கு ஊற்றுவது, கிணறு குளத்தில் இறங்குவது, மை வைப்பது, அடுப்புப் புகை ஆகியவற்றுக்கு டாக்டர் சொல்லும் நாள் வரை விலக்கு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று யார் என்ன சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள். கிருமி போவதற்கு அதுவே வழி.

சொட்டு மருந்தில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும். எழுதிக் கொடுத்த நாள் வரை மட்டும் விட வேண்டும். "கண்ணு நல்லா இருக்கே" என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி மறுபடி வாங்கி விட்டால் கண்ணழுத்தம் ஏறி, சத்தமில்லாமல் நரம்பைக் கெடுத்துவிடும். போன பார்வை திரும்பாது. வலி குறையாமல் கூடினாலோ, கண் சிவந்து பீளை தள்ளினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றே போங்கள்.

லேசர் மாற்றாதவை

40 வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், லேசர் செய்தவருக்கும் வரும். பஞ்சாங்கம் படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கண்ணாடி தேடத்தான் வேண்டும். 38 வயதில் செலவு செய்ய நினைப்பவர்கள் இதை யோசியுங்கள்.

பெரிய மைனஸ் பவர் உள்ளவர்களுக்குக் கண்ணின் பந்து நீளமாக இருக்கும், விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் முன்பக்கத்தைத்தான் மாற்றுகிறது; பின்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. திடீரென்று மின்னல் வெட்டினது போலவோ, கரும்புள்ளிகள் மழையாகவோ, ஓரத்தில் திரை விழுந்தது போலவோ தெரிந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம். உடனே போக வேண்டும். கண்ணாடி இல்லை என்பதால் வருஷாந்தரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலும் பார்க்கலாம்.

கருவிழி மெலிந்திருப்பதால் கண்ணழுத்தம் அளக்கும்போது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். லேசர் செய்ததைச் சொல்லாவிட்டால், கண் நீர் அழுத்த நோய் வந்திருந்தும் "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். வயதான காலத்தில் கண்புரை ஆபரேஷன் வரும்போதும், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்குப் போடப் பழைய அளவுகள் பெரிதும் உதவும். ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, கனம், வரைபடம், எந்தத் தேதியில் எந்த முறை என்ற விவரம், எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷம் வைத்திருப்பார்களோ தெரியாது. ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற பையிலேயே அதையும் வைத்து, எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.